உங்களுக்குத் தெரியுமா? ஓயாமல் முட்டையிடும் கூண்டுப் பறவைகள்

சிட்டுக்குருவி அளவே இருந்த ஒரு பறவை, இட வேண்டிய முட்டையை வயிற்றில் வைத்துக்கொண்டே செத்துப்போனது. அது நடந்து சுமார் 11 கோடி ஆண்டுகள் ஆகின்றன; இடம், இன்றைய சீனாவின் கான்சு மாகாணம். 2019இல் அந்தப் புதைபடிவத்தை விவரித்த ஆய்வாளர்கள் அதற்கு 'அவிமாயா' என்று பெயரிட்டார்கள். முட்டையோட்டை நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஓட்டின் மேல் இன்னொரு ஓடு படிந்திருந்தது. உரிய நேரத்தில் வெளியே வராமல் உள்ளேயே தங்கிவிடும் முட்டைக்குத்தான் இப்படி இரட்டை ஓடு உண்டாகும். முட்டை அடைத்ததே அதன் சாவுக்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. பறவை வளர்ப்போர் 'எக் பைண்டிங்' என்று சொல்லும் அதே முட்டை அடைப்பு இன்றும் வீட்டுக் கூண்டுகளில் நடக்கிறது. முதன்முறை முட்டையிடும் இளம்பெட்டைக்கும், முட்டையிட்டு முட்டையிட்டுக் களைத்த கிழப்பெட்டைக்கும் ஆபத்து அதிகம். இந்தப் பக்கம் முழுவதும் அந்தக் கிழப்பெட்டைக்காக.

★

முட்டையிட ஆண் பறவை தேவையே இல்லை. சேவல் இல்லாத பண்ணையில் கோழி முட்டையிடுவதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் ஒற்றையாக வளர்க்கும் காக்டெய்ல் முட்டையிட்டால் மட்டும் வீடே திகைத்து நிற்கும். ஆண் என்று நினைத்து ஆண் பெயர் வைத்துக் கூப்பிட்ட பறவை எட்டாம் வயதில் முதல் முட்டையிடுவதும் உண்டு. அந்த முட்டை பொரிக்காது. ஆனால் அதைச் செய்ய உடம்பு கொடுத்த விலை, பொரிக்கும் முட்டைக்குக் கொடுக்கும் அதே விலைதான்.

★

நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்கப்படும் சின்னப் பறவை பெரும்பாலும் பட்ஜெரிகர். ஆஸ்திரேலியாவிலிருந்து அதை உயிரோடு பிரிட்டனுக்குக் கொண்டுபோனவர் பறவையியலாளர் ஜான் கூல்ட், ஆண்டு 1840. காக்டெய்லுக்கும் தாய்நாடு அதே ஆஸ்திரேலியாதான், அதிலும் வறண்ட உள்நாட்டுப் பகுதி. அங்கே எப்போது மழை பெய்யும் என்று யாரும் சொல்ல முடியாது. மழை பெய்து புல் விதை பிடித்தால் இந்தப் பறவைகள் உடனே மரப்பொந்து தேடி முட்டையிடும். விதை தீர்ந்துவிட்டால் முட்டையும் நின்றுவிடும். ஆக, இவற்றின் முட்டைக் காலத்தைத் தீர்மானிப்பது நாள்காட்டி இல்லை, தீனியும் தண்ணீரும் பொந்தும்தான்.

இப்போது நம் வீட்டுக் கூண்டைப் பாருங்கள். கிண்ணம் நிறையத் தினை, பக்கத்தில் தண்ணீர், மூலையில் பானை, ராத்திரி பதினொன்று வரை ஹாலில் விளக்கு. அந்தப் பறவையின் உடம்புக்கு ஆண்டு முழுவதும் மழை பெய்து ஓய்ந்த மறுவாரம்தான். நிறுத்து என்ற சேதி அதற்கு எங்கிருந்தும் வருவதில்லை. வயதான கூண்டுப் பறவைகளின் முட்டைக் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த ஒரு இடத்தில்தான் தொடங்குகிறது.

★

முட்டையை எடுக்க எடுக்க, சில பறவைகள் மேலும் மேலும் இடும். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் சார்லஸ் பிலிப்ஸ் என்பவர் ஒரு காட்டு மரங்கொத்தியின் கூட்டில் ஒரே ஒரு முட்டையை விட்டுவைத்து, புதிதாக இட்டதை அன்றன்று எடுத்துக்கொண்டே வந்தார். சாதாரணமாகப் பத்துக்குள் நிறுத்திக்கொள்ளும் அந்தப் பறவை 73 நாட்களில் 71 முட்டைகள் இட்டது. கூட்டில் போதுமான முட்டை சேர்ந்துவிட்டது என்று வயிற்றுத் தோல் உணர்ந்தால்தான் உடம்பு நிறுத்தும். சேரவிடாமல் செய்தால் அது எண்ணிக்கையை நிறைவுசெய்யத் தவித்துக்கொண்டே இருக்கும்.

கோழியும் காக்டெய்லும் இதே ரகம். 'பொரிக்காத முட்டை எதற்கு?' என்று தினமும் எடுத்துப் போடும் நல்லெண்ணம் பறவையை மறுபடி மறுபடி முட்டைக்குத் தள்ளுகிறது. எடுக்காமல் விடுவதே நல்லது. ஆண் துணை இருந்து கரு பிடித்திருக்கும் என்று தோன்றினால் முட்டையை வேகவைத்து, நன்றாக ஆறவைத்து, அதே இடத்தில் வைக்கலாம். பிளாஸ்டிக் முட்டையும் போதும். காக்டெய்லுக்கு அடைகாலம் 18 முதல் 21 நாள். அதுவரை உட்கார்ந்து பார்த்து, சலித்து, தானே எழுந்து போகும். அதன்பின் எடுத்துவிடலாம்.

★

நாட்டுக்கோழி அடைக்கு உட்காருவதைப் பண்ணைக்காரர்கள் நட்டமாகப் பார்ப்பார்கள். கோழியின் பக்கம் நின்று பார்த்தால் அது விடுப்பு. உட்கார்ந்தவுடன் புரோலாக்டின் என்ற சுரப்பு ஏறுகிறது, சினைப்பை சுருங்குகிறது, முட்டைக்குழாய் ஓய்வெடுக்கிறது. சிறுவிடைக் கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும் பழக்கத்தை இன்னும் விடவில்லை. முட்டைக்காகவே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய வெள்ளை லெகார்ன் வழி வந்த கோழிகளிடம் அந்தப் பழக்கம் ஏறக்குறைய அழிந்துபோயிற்று. எல்லாக் கோழிகளுக்கும் மூத்த தாயான சிவப்புக் காட்டுக்கோழி காட்டில் ஆண்டுக்கு இடுவது ஏறத்தாழ 10 முதல் 15 முட்டை. பண்ணைக் கோழி 300க்கு மேல். கழித்துவிட்ட பண்ணைக் கோழியை இரக்கப்பட்டு வாங்கி வீட்டில் வளர்ப்பவர்கள், அது இரண்டு வயதுக்குள்ளேயே எவ்வளவு உழைத்துவிட்டு வந்திருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

★

ஒரு கோழிமுட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம். அதில் ஓடு மட்டும் கட்டுவதற்கே சுமார் 20 மணி நேரம் போகிறது.

★

அந்த ஓட்டில் இருக்கும் கால்சியம் சுமார் 2 கிராம். கோழியின் மொத்த எலும்புக்கூட்டில் இருப்பதோ 20 கிராம் அளவில். பத்தில் ஒரு பங்கு ஒரே முட்டையில் போய்விடுகிறது என்றால், அது தினம் தினம் எங்கிருந்து வரும்? பெரும்பகுதி தீனியிலிருந்து, மீதி எலும்பிலிருந்து. முட்டையிடும் பருவம் வந்ததும் பெட்டையின் தொடையெலும்பு முதலிய எலும்புகளின் உட்குழிவில் ஒரு தற்காலிக எலும்பு வளரும். ஈஸ்ட்ரோஜன் சுரப்பு கட்டித் தரும் கால்சியக் கிடங்கு அது. ஓடு கட்டும் வேலை பெரும்பாலும் ராத்திரியில், குடலில் தீனி இல்லாத நேரத்தில் நடப்பதால், கிடங்கைத் திறந்துதான் ஆக வேண்டும்.

கெடுதல் எங்கே என்றால், முட்டையிடும் காலம் நெடுக உடம்பு கிடங்கை மட்டும்தான் நிரப்பும். சட்டகமாகத் தாங்கி நிற்கும் உறுதியான எலும்பைப் புதுப்பிக்காது. இடைவெளி இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இட்டால் அந்த எலும்பு மெலிந்துகொண்டே போகும். வயதான பெட்டை தாழ்வான கிளையிலிருந்து குதித்துக் காலை ஒடித்துக்கொள்வது இதனால்தான். 'சும்மா குதிச்சதுக்கே ஒடிஞ்சிருச்சு' என்று கால்நடை மருத்துவரிடம் சொல்வார்கள். அந்த எலும்பு அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே முட்டையோடாகக் கரைந்து வெளியே வந்துவிட்டது.

★

இதே தற்காலிக எலும்பை டைனோசரிலும் கண்டார்கள். 2005இல் மேரி ஸ்வைட்சரும் அவர் குழுவினரும் ஒரு டி-ரெக்ஸின் தொடையெலும்புக்குள் அது இருப்பதாக அறிவித்தார்கள். அதை வைத்தே அந்த டி-ரெக்ஸ் பெண், அதுவும் முட்டையிடும் பருவத்தில் இருந்த பெண் என்று சொல்ல முடிந்தது. முதலில் பார்த்த அவிமாயாவின் முழுப்பெயரில் பின்பாதி 'ஸ்வைட்சரே'. இவரைச் சிறப்பிக்கவே அப்படி வைத்தார்கள்.

★

உடல் எடையோடு ஒப்பிட்டால் முட்டை யாருக்குப் பெரிய சுமை? ஒன்றரைக் கிலோ கோழிக்கு 55 கிராம் முட்டை, ஏறத்தாழ நூறில் நான்கு பங்கு. 35 கிராம் பட்ஜெரிகருக்கு 2 கிராம் முட்டை, நூறில் ஆறு பங்கு. 90 கிராம் காக்டெய்லின் 5 கிராம் முட்டையும் அப்படியே. அந்த 5 கிராமை ஒன்றுவிட்டு ஒரு நாள், வரிசையாக ஐந்து ஆறு முறை. பிறகு இரண்டு வாரத்தில் மறுபடியும் ஒரு வரிசை.

★

கோழிக்கு வயதாக ஆக முட்டை பெரிதாகும், ஓடு மெல்லிதாகும். ஓட்டுக்குக் கிடைக்கும் கால்சியம் அவ்வளவேதான். பெரிய முட்டையைச் சுற்றி அதை விரித்துப் பூச வேண்டியிருக்கிறது. குடலும் முன்போல் கால்சியத்தை உறிஞ்சுவதில்லை. ஓடே இல்லாத தோல்முட்டை எப்போதாவது ஒன்று வந்தால் பயப்பட வேண்டாம். அடுத்தடுத்து வந்தால் அது எச்சரிக்கை. தோல்முட்டையை வெளியே தள்ளுவது கெட்டி முட்டையைத் தள்ளுவதைவிடக் கடினம். பிடிமானம் இல்லாமல் முட்டைக்குழாயின் தசை வழுக்கும். அந்தத் தசை சுருங்குவதற்கும் கால்சியம்தான் வேண்டும். ஆகவே கால்சியம் குறைந்த பறவைக்கு அடி இரண்டு பக்கமும் விழுகிறது: முட்டையும் மோசம், தள்ளும் பலமும் இல்லை.

★

தினையும் சூரியகாந்தி விதையும் மட்டுமே தின்று வளரும் பறவைக்குக் கால்சியம் போதாது, வைட்டமின் ஏ போதாது. சூரியகாந்தியில் கொழுப்போ மிக அதிகம். சிகாகோ அருகே புரூக்ஃபீல்டு விலங்குப் பூங்காவில் 2016 வரை வாழ்ந்த 'குக்கி' என்ற காக்கட்டூ 83 வயதைத் தொட்டது. அதற்குக் கடைசி ஆண்டுகளில் எலும்பு தேய்ந்துபோயிருந்தது. முதல் 40 ஆண்டுகள் வெறும் விதையே கொடுத்ததைத்தான் காரணமாகச் சொன்னார்கள். குக்கி ஆண், வாழ்நாளில் ஒரு முட்டைகூட இட்டதில்லை. விதை மட்டுமே தின்று, முட்டையும் இடும் பெட்டையின் நிலையை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

முருங்கைக்கீரையில் கால்சியம் நிறைய இருக்கிறது, பெரும்பாலான பறவைகள் விரும்பித் தின்னும். பாலக்கீரையிலும் கால்சியம் உண்டு, ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் அதை உடம்பில் சேரவிடாது. கடைகளில் 'கடல் நுரை' என்று கிடைக்கும் கணவாய் ஓட்டைக் கூண்டில் செருகிவைத்தால் தேவைக்குத் தக்கபடி கொறித்துக்கொள்ளும். மனிதர்களுக்கான கால்சியம் மாத்திரையையும் வைட்டமின் டி சொட்டு மருந்தையும் கையளவில் கலந்து கொடுப்பது மட்டும் வேண்டாம். டி அதிகமானால் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிந்து அதுவே உயிரை வாங்கும்.

★

கண்ணாடி ஜன்னல் வழியாக வரும் வெயில் பறவைக்கு வைட்டமின் டி தராது. அதற்குத் தேவையான புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். இவ்வளவு வெயில் காயும் ஊரில் அடுக்குமாடி வீட்டுப் பறவைக்கு டி குறைவது வருத்தமான விஷயம். காலையில் சிறிது நேரம், பாதிக் கூண்டில் நிழல் இருக்குமாறு, பூனையும் காக்கையும் எட்டாத இடத்தில், பக்கத்தில் ஆள் இருந்துகொண்டு வெயில் காட்டினால் போதும்.

★

முட்டை அடைத்துக்கொண்ட பறவையை எப்படி அடையாளம் காண்பது? கம்பியை விட்டு இறங்கிக் கூண்டின் தரையில் உட்கார்ந்திருக்கும். இறகை உப்பவிட்டு, கண்ணைப் பாதி மூடி, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடும். காலை அகட்டி நிற்கும். முக்கும், ஒன்றும் வராது. எச்சம் நின்றுபோகும், அல்லது நெடுநேரம் அடக்கிப் பெரிதாக ஒன்று விழும். வயிற்றின் அடிப்பகுதி புடைத்திருக்கும். சில பறவைகளுக்கு ஒரு காலோ இரண்டு காலுமோ செயலிழந்துவிடும். முட்டை, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துவதால் வருவது அது. 'வாதம் வந்துவிட்டது' என்று நினைத்து எண்ணெய் தேய்த்தபடி பொழுதைக் கடத்துவது பெரிய ஆபத்து.

பறவைகள் நோயை மறைக்கும். காட்டில் நோஞ்சானாகத் தெரிந்தால் பிடித்துத் தின்ன ஆள் உண்டு என்பதால் கடைசிவரை தெம்பாக இருப்பதுபோலவே காட்டிக்கொள்ளும். ஆகவே நம் கண்ணுக்கு நோய் தெரிகிற நேரம் ஏற்கெனவே தாமதமான நேரம். சின்னப் பறவை சில மணி நேரத்திலேயே இறந்துபோகலாம். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்பது இந்த நோய்க்குப் பொருந்தாது.

★

அந்த நேரத்தில் செய்யக்கூடாதது ஒன்று உண்டு: வயிற்றை அமுக்கி முட்டையைப் பிதுக்குவது. உள்ளே ஓடு உடைந்தால் அதன் விளிம்பு முட்டைக்குழாயைக் கிழிக்கும். குழாயே வெளியே பிதுங்கி வரவும் கூடும். விளக்கெண்ணெயைக் கழிவாயில் விடுவதும் நம் ஊரில் வழக்கம். முட்டை சிக்கியிருப்பது பெரும்பாலும் எண்ணெய் எட்டாத உள்ளிடத்தில். இறகு பிசுபிசுத்து உடம்புச் சூடு குறைவதுதான் மிச்சம். வாய்வழி ஊற்றவே கூடாது.

செய்ய வேண்டியது, இருட்டும் அமைதியும் உள்ள இடத்தில் 29 முதல் 32 டிகிரி வரையிலான வெதுவெதுப்பும் கொஞ்சம் ஈரப்பதமும் கொடுத்து, வண்டி ஏற்பாடு செய்வது. கூண்டின் ஒரு பக்கம் மட்டும் பல்ப் இருந்தால் சூடு தாங்காதபோது பறவை மறுபக்கம் நகர்ந்துகொள்ளும். சித்திரை வெயிலில் பல்பே தேவைப்படாது. வாயைத் திறந்து இளைத்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்தால் சூடு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

குழாய் வெளியே பிதுங்கிச் சிவப்பாகத் தொங்கினால், சுத்தமான சலைன் நீரால் அதைக் காயவிடாமல் நனைத்துக்கொண்டே மருத்துவரிடம் விரைய வேண்டும். சேர்ந்து இருக்கும் மற்ற பறவைகளை உடனே பிரித்துவிடுங்கள். சிவப்பைக் கண்டால் கொத்தும்.

★

மருத்துவர் என்ன செய்வார்? கால்சியம் ஊசி, நீர்ச்சத்து, வெதுவெதுப்பு. பல பறவைகள் இதிலேயே முட்டையை இட்டுவிடும். அசையாவிட்டால் முட்டை தெரியும் இடத்தில் ஊசியைச் செலுத்தி உள்ளிருப்பதை உறிஞ்சி எடுப்பார். ஓடு சுருங்கி மடங்கித் துண்டுகளாக வெளியேறும். எக்ஸ்ரேயில் கெட்டி ஓடு பளிச்சென்று தெரியும், தோல்முட்டை தெரியாது. அதற்கு ஸ்கேன் வேண்டும். அடிக்கடி முட்டையிடும் பறவையின் எக்ஸ்ரேயில் இன்னொன்றும் தெரிவதுண்டு: ஈஸ்ட்ரோஜன் மிகுதியால் எலும்பின் உட்குழிவெல்லாம் அடைபட்டு வழக்கத்தைவிட வெள்ளையாக இருக்கும்.

★

எல்லாக் கோளாறும் முட்டை அடைப்பாக வருவதில்லை. சினைப்பையிலிருந்து விடுபடும் மஞ்சள் கரு, குழாயின் வாய்க்குள் போகாமல் தவறி வயிற்றறையில் விழலாம். அங்கே அது அழற்சியை உண்டாக்கும். கிருமி சேர்ந்தால் வயிறு நீர்கோத்து வீங்கும். வயதான கோழிகளிலும் காக்டெய்ல்களிலும் இது அதிகம். முட்டையிடுவதை நிறுத்திய கோழிக்கு வயிறு பெருத்து, பென்குயின் மாதிரி நிமிர்ந்து நடக்கத் தொடங்கினால் கொழுத்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

★

பெரும்பாலான பெண் பறவைகளுக்கு வேலை செய்யும் சினைப்பை ஒன்றே ஒன்று, இடப்பக்கம். வலப்பக்கத்தது கருவிலேயே வளர்ச்சி நின்றுவிடும். நோயிலோ முதுமையிலோ இடது சினைப்பை சிதைந்தால் பெண் சுரப்பு குறையும். அப்போது கோழிக்குக் கொண்டை பெருக்கும், வால் இறகு வளையும், கூவவும் ஆரம்பிக்கும். 'பெட்டைக்கோழி கூவியா பொழுது விடியும்?' என்று கேட்டுப் பழகிய நாம், கூவும் பெட்டையைக் கெட்ட சகுனம் என்று அறுத்துவிடுவோம். அந்தக் கோழிக்குத் தேவை சிகிச்சை.

எடின்பரோவைச் சேர்ந்த எஃப். ஏ. ஈ. குரூ 1923இல் பதிவுசெய்த ஒரு கோழி இதையும் தாண்டிப் போனது. பல முட்டைகள் இட்ட அந்தப் பெட்டை பிறகு சேவலாக மாறிக் குஞ்சுகளுக்குத் தந்தையும் ஆனதாக அவர் எழுதினார். அதற்கும் சுமார் நாலரை நூற்றாண்டு முன்பு, 1474இல், சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் முட்டையிட்ட 'சேவல்' ஒன்றை விசாரணை நடத்தித் தீயிலிட்டுக் கொளுத்தினார்கள். அது சினைப்பை நோய் கண்ட ஒரு கிழப்பெட்டையாக இருந்திருக்கலாம் என்பதே இன்றைய விளக்கம்.

★

ஆண் பட்ஜெரிகரின் மூக்குத்தோல் நீலம், முட்டைப் பருவத்துப் பெட்டையினுடையது பழுப்பு. வயதான ஆணின் நீல மூக்கு மெல்லப் பழுப்பாக மாறினால், விரையில் கட்டி வளர்ந்து ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டையோ ஆணோ, ஒரு கால் மட்டும் காரணமின்றி நொண்டினால் சிறுநீரகக் கட்டியும் சினைப்பைக் கட்டியும் மருத்துவர் மனத்தில் முதலில் வரும். காலுக்குப் போகும் நரம்புகள் சிறுநீரகத்தை ஊடுருவித்தான் போகின்றன.

★

பெண்களின் சினைப்பைப் புற்றுநோயைப் புரிந்துகொள்ள ஆய்வாளர்கள் நாடும் விலங்கு எது? கோழி. யாரும் எதையும் செலுத்தாமல், வயதானால் தானாகவே இந்தப் புற்றுநோய் அதிகமாக வரும் விலங்கு அது. ஓயாமல் கருமுட்டை வெடிப்பதே சினைப்பையின் மேற்பரப்பைப் புண்ணாக்கிப் புற்றுக்கு வழிசெய்கிறதோ என்று 1971இல் எகிப்திய மருத்துவர் மஹ்மூத் ஃபதல்லா கேட்டார். கருத்தடை மாத்திரையும் பிள்ளைப்பேறும் பெண்களுக்கு இந்த நோயைக் குறைக்கின்றன என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. கோழிகளிலும் முட்டை குறைந்தால் புற்று குறைந்தது. மனிதருக்காக நடந்த இந்த ஆராய்ச்சி, ஓய்வு கொடுத்தால் பறவை பிழைக்கும் என்பதற்கும் சேர்த்தே சாட்சி சொல்கிறது.

★

நாய்க்குச் செய்வதுபோல் கருத்தடை அறுவை செய்துவிடலாமே என்று கேட்பார்கள். பறவையின் சினைப்பை முதுகுப்புறப் பெரிய ரத்தக்குழாயோடு ஒட்டியிருக்கிறது. அதை முழுதாக எடுப்பது உயிருக்கு ஆபத்து. முட்டைக்குழாயை மட்டும் எடுப்பார்கள், அதுவும் வேறு வழியில்லாதபோது. அதற்குமுன் சுரப்பை அடக்கும் மருந்து உண்டு: தோலடியில் பதிக்கும் டெஸ்லோரெலின், ஊசியாகப் போடும் லியூப்ரோலைடு. லியூப்ரோலைடு ஆண்களின் புராஸ்டேட் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்து. சில வாரமோ சில மாதமோ முட்டை நிற்கும். கூண்டின் நிலைமை மாறாவிட்டால் திரும்ப வந்துவிடும்.

★

பறவைக்கு வெளிச்சம் கண் வழியாக மட்டும் தெரிவதில்லை. 1930களில் பிரெஞ்சு ஆய்வாளர் ஜாக் பெனுவா, பார்வையற்ற வாத்துகளும் நீண்ட பகல் வெளிச்சம் பட்டால் இனப்பெருக்கப் பருவத்துக்கு வருவதைக் காட்டினார். மண்டையோட்டை ஊடுருவும் ஒளியை மூளையே உணர்ந்துகொள்கிறது. ஆகவே பறவை கண்ணை மூடித் தூங்கினாலும் தலைக்குமேல் டியூப்லைட் எரிந்தால் உடம்புக்கு அது பகல்தான். ஓயாமல் முட்டையிடும் பெட்டைக்கு மருத்துவர்கள் முதலில் எழுதித் தருவது இருட்டு: சில வாரங்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத்துக்குமேல் வெளிச்சம் வேண்டாம். மாலை ஆறு மணிக்கெல்லாம் டிவி இல்லாத அறைக்குக் கூண்டை மாற்றிவிடுங்கள். செலவில்லாத மருந்து.

★

அதோடு பானையையும் எடுத்துவிடுங்கள். லவ் பேர்ட்ஸ் கூண்டில் மண்பானை தொங்குவது அழகாக இருக்கலாம். பறவைக்கு அது பிரசவ அறை. குஞ்சு எடுக்க எண்ணமில்லாதவருக்கு அது தேவையில்லை. குஞ்சு எடுப்பவரும் ஆண்டுக்கு இரண்டு ஈடு முடிந்ததும் கழற்றி, ஜோடியைப் பிரித்து வைக்கலாம். இருட்டான பெட்டி, சோபாவின் அடி, அலமாரி மூலை, கிழிக்கக் கிடைக்கும் காகிதம் எல்லாம் பானையின் வேலையைச் செய்யும். கண்ணாடியும் அப்படியே, தன் பிம்பத்தையே ஜோடியாக எடுத்துக்கொள்ளும் பறவைகள் உண்டு.

★

கையில் பழகிய காக்டெய்லைத் தடவ ஆசையிருந்தால் தலையைத் தடவுங்கள், கன்னத்தைச் சொறிந்துவிடுங்கள். முதுகும் இறக்கையின் அடியும் வாலடியும் வேண்டாம். ஜோடிப்பறவை தொடும் இடங்கள் அவை. நம் பாசம் அதன் சுரப்பைக் கிளப்பிவிடும்.

★

நம் நாட்டுப் பச்சைக்கிளிகளைக் கூண்டில் வளர்ப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இங்கே சொன்னதெல்லாம் சட்டம் அனுமதிக்கும் பறவைகளுக்கும் வீட்டுக் கோழிக்கும்தான்.

★

வயதானாலே முட்டையிடக்கூடாது என்று இயற்கை எங்கும் சொல்லவில்லை. பசிபிக் பெருங்கடலின் மிட்வே தீவில் 'விஸ்டம்' என்ற லேசான் ஆல்பட்ராஸ் 2024இன் இறுதியில் ஒரு முட்டையிட்டது. 1956இல் சாண்ட்லர் ராபின்ஸ் அதன் காலில் வளையம் மாட்டினார். அந்த முட்டையை இட்டபோது அதற்குக் குறைந்தது 74 வயது என்பது கணக்கு. 2025 ஜனவரியில் குஞ்சும் பொரித்தது. ஆல்பட்ராஸ் ஒரு பருவத்துக்கு ஒரே முட்டைதான் இடும்; சில ஆண்டுகள் அதையும் விட்டுவிடும். விஸ்டம் வாழ்நாளில் இட்டவை 50 முதல் 60 முட்டை இருக்கலாம் என்கிறார்கள். பண்ணைக் கோழி அதை இரண்டரை மாதத்தில் இட்டுவிடுகிறது. கூண்டுப் பறவையின் முதுமையை ஆண்டால் மட்டும் அளக்காமல், இட்ட முட்டைகளாலும் அளக்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். மூன்று வயதில் எண்பது முட்டை இட்ட பட்ஜெரிகரைக் கிழவி என்றே நடத்துங்கள்.

★

அதற்கு ஒரு நோட்டு வேண்டும். முட்டையிட்ட தேதி, ஓட்டின் தன்மை, வாரம் ஒருமுறை எடை. சமையலறையில் வைக்கும் டிஜிட்டல் தராசு ஒரு கிராம் வித்தியாசத்தையும் காட்டும். முட்டை வரும் நாட்களில் எடை சற்று ஏறி இறங்குவது இயல்பு. அந்த ஏற்ற இறக்கம் எதுவும் இல்லாமல் எடை தொடர்ந்து குறைந்தாலும், முட்டையே காணாமல் எடை ஏறினாலும், பறவையை மருத்துவர் பார்க்க வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவை பார்ப்பதில்லை. சென்னையில் இருப்பவர்களுக்கு, 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. மற்ற ஊர்க்காரர்கள் பறவை பார்க்கும் மருத்துவர் யார், ராத்திரியில் எடுப்பாரா என்பதைப் பறவை நன்றாக இருக்கும்போதே விசாரித்து எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். போகும்போது நோட்டோடு, கூண்டின் அடியில் விரித்த தாளையும் மாற்றாமல் அப்படியே எடுத்துப் போங்கள். எச்சத்தின் அளவையும் நிறத்தையும் அவர் முதலில் கேட்பார்.